நாணம் அறிந்த கேமரா

2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இரவிலும் காணவல்ல, ஒலியையும் பதியவல்ல கேமராக்களைப் பொருத்துமாறு பணித்தபோது, காவலரின் ஒழுக்கத்தைச் சந்தேகித்த பாவிகள் மகிழ்ந்தனர். அந்த யந்திரங்களோ, சில தினங்களிலேயே அவ்விடத்துச் சத்சங்கத்தால் பக்குவமடைந்து, விசாரணை என்னும் அந்தரங்க வைபவம் ஆரம்பமாகும் தருணத்தில் நாணத்தோடு இமை மூடிக்கொள்ளும் உத்தம குணத்தை எய்திவிட்டன. பிறர் குற்றம் காணாமையன்றோ பேரறம்! ஆதலால், இவ்வருஷத்து நன்னடத்தைப் பதக்கத்தைக் கேமராக்களுக்கே வழங்க வேண்டுமெனச் சிபாரிசு செய்யச் சென்றேன். எல்லாம் சம்மதமாம், இமை மூட மறந்த ஒன்று மட்டும் விழாவுக்கு வர இயலாதாம். நேற்றிரவு கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டதாம், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.