வலதுகாலை எடுத்துவச்சு வாரும்

வாரும் மருமகனே, திண்ணையில உக்காரும். அந்த முதுகைக் கொஞ்சம் சாயவிட்டா என்ன? பென்சன் வாங்குத மனுசன் இப்படி வெறைப்பா உக்காந்தா, பாக்குத எனக்கு இடுப்பு பிடிக்கி. பட்டாளத்து பேண்டுல 24 வருசம் கிளாரினெட் ஊதி, ஹவில்தாராகி வந்திருக்கீரு. வந்த கையோட உரக்கடை மாடியில சங்கீத வகுப்புன்னு போர்டும் மாட்டியாச்சு. கீழ யூரியா, மேல ஸ்வரம். ரெண்டும் அளவாப் போட்டாத்தான் வெளையும். இருந்தாலும் புத்தி சொல்ல ஒரு பெரிய மனுசன் வேணுமில்லா?

மொதக் கோளாறு உம்ம கால்ல இருக்கு. நம்ம பக்கத்துல வலதுகாலை எடுத்துவச்சு வான்னுதான் சொல்லுவாக. நீரு பிள்ளைகளுக்கு எடதுகால்ல ஆரம்பிக்கக் கத்துக்குடுக்கீரு. பெரிய டிரம்முல அடி விழுதப்ப எடதுகால் தரையில இருக்கணுமாம். நிமிசத்துக்கு 120 அடியாம். எம் பேரன் போன வாரம் கல்யாண வீட்டுக்குள்ள எடதுகாலை வச்சு டொக்குன்னு நொழையுதான். பொண்ணோட ஆச்சி பாத்த பார்வை இருக்கே, அதை நீரு பாத்திருந்தா போர்டைக் கழத்தியிருப்பீரு.

அடுத்தது வியாபாரம். ஊர்ல என்ன கேக்காகன்னு தெரியாம கடை போட்டவரு நீரு ஒருத்தர்தான். ஒரு தாய்க்கு மூணு மாசத்துல மகன் டிவியில வரணும். இன்னொருத்திக்கு டிரினிட்டி கிரேடு சர்ட்டிபிகேட்டு வேணும். நீரு என்னடான்னா, மூணு மாசமா ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதச் சொல்லுதீரு. ஏம்னு கேட்டா, "இன்னும் மூச்சு வரல"ங்கீரு. மூச்சு வராமலா அந்தப் பய மூணு வேளையும் திங்கான்னு அவங்கப்பன் கேக்கான். நியாயமான கேள்விதானே? ரெண்டு குத்துப்பாட்டைச் சொல்லிக்குடுத்து விட்டிருந்தா அவனும் போயிருப்பான், நீரும் பிழைச்சிருப்பீரு. பாட்டை மாத்த மாட்டேன்னு முறுக்கிக்கிட்டு நிக்காதியும். ஜனவரி 29-ந் தேதி விஜய் சவுக்ல, உடுப்புப் போட்டுக்கிட்டு நீங்கள்லாம் ஊதுவீகளே, அங்கயே காந்திக்குப் பிடிச்ச கிறிஸ்தவப் பாட்டை 2022-ல எடுத்துட்டு லதா மங்கேஷ்கர் பாட்டைப் போட்டுட்டாக. டெல்லிக்காரனுக்கு இருக்குத வளைசல் உரக்கடை மாடிக்கு இல்லையே!

மொத நாளு உம்ம வகுப்பை எட்டிப் பாத்தேன். வாயில ஒரு சில்லை ஒதுக்கிக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தீரு. பல்லுகுத்துத குச்சின்னு நெனச்சேன். நாணல் சில்லாம், எச்சில்ல ஊறணுமாம். நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி எப்படியோ, அப்படி. அதை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, நுனியில மயிரிழை வெடிப்பு இருக்கான்னு ஒத்தக் கண்ணால பாத்தீரு. எங்க அத்தை குருணையில கல்லுப் பொறுக்குதப்ப அப்படித்தான் பாப்பா. சரி, ஆளு உருப்பட மாட்டாருன்னு அன்னைக்கே முடிவுகட்டிட்டேன்.

ஆனா கோயில் கொடையில பண்ணினீரே, அதை மட்டும் மன்னிக்க முடியாது. நையாண்டி மேளக்காரங்க காப்பி குடிக்கப் போன நேரத்துல உம்ம பிள்ளைகளைக் கொஞ்சம் வாசிக்கவிட்டோம். தப்பு எங்களதுதான். பயலுக நல்லாத்தான் அடிச்சாக. சாமியாடி கண்ணு சொருகி, தோளு குலுங்கி, ஒரு கை மேல போயிட்டு. இன்னும் பத்து அடி விழுந்தா முழுசா எறங்கிருவாரு. அந்த நேரம் பாத்து நீரு கையை உசத்தி டப்புன்னு மூடினீரு. ஒத்த அடி மிச்சமில்லாம நின்னுபோச்சு. ஊரே கப்சிப். சாமியாடி ஒரு கையைத் தூக்கினபடியே ஒத்தக்கண்ணைத் தொறந்து பாக்காரு. வந்த சாமி நிக்கதா போறதான்னு தெரியாம மொகத்துல திருதிருன்னு முழிக்கு. கேட்டா, "உருப்படி அங்கதான் முடியுது"ங்கீரு. மருமகனே, பட்டாளத்துல கணக்கு முடிஞ்சா பாட்டு முடியும். நம்ம கொடையில சாமி முடிஞ்சாத்தான் மேளம் முடியும். பாவம், அவரு அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கணும்.

"பேண்டு மாஸ்டருக்குக் கர்நாடக சங்கீதம் என்ன தெரியும்"னு டீக்கடையில ஒருத்தன் சொன்னானாம், உமக்கு மொகம் சுண்டிப்போச்சாம். சொன்னவனை எட்டயபுரத்துக்குப் பஸ் ஏத்திவிடாம மொகத்தை ஏன் சுண்டவிடுதீரு? முத்துசாமி தீட்சிதர் 1835-ல கண்ணை மூடினது அங்கதானே, சமாதியும் அங்கதானே. அந்த மகான் மெட்ராசு பக்கம் மணலியில இருந்த காலத்துல, கோட்டை பேண்டுல வெள்ளைக்காரன் வாசிச்ச மெட்டைக் கேட்டுட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டா போனாரு? அந்த மெட்டுக்கே சமஸ்கிருதத்துல சாகித்தியம் போட்டாரு. இங்கிலாந்து ராசாவை வாழ்த்துத மெட்டைக்கூட விடல. நோட்டுஸ்வரம்னு இன்னைக்கும் சபாவுல சின்னப் பிள்ளைக பாடுது. தம்பி பாலுசாமி வெள்ளைக்காரன்கிட்ட ஃபிடில் கத்து, அதே எட்டயபுரம் அரமனைக்கு வித்துவானா வந்து சேந்தாரு. இப்ப அந்த ஃபிடில் இல்லாம ஒரு கச்சேரி உண்டா? உம்ம கிளாரினெட்டும் பேண்டுலருந்து வந்த அன்னியச் சாமான்தான். திருச்சி ஏ.கே.சி. நடராசன் அதுல கமகம் பேசவச்சாரே! இதையெல்லாம் எடுத்துச் சொன்னா மதிப்பு கூடும். நீரு சொல்ல மாட்டீரு. உக்காந்து பித்தளைக்கு பிராஸோ போட்டுத் தேய்ப்பீரு.

பட்டாளத்துக் கேண்டீன் சங்கதியையும் சொல்லிருதேன். உம்ம மாடி ஏறி வாரவன்ல பாதிப்பேரு கோட்டா பாட்டிலுக்கு வாரான். வாரவனைத் திருப்பி அனுப்பாதியும். கையில ஒரு குழலைக் குடுத்து, நாப்பது எண்ணுத மட்டும் மூச்சு விடாம ஊதச் சொல்லும். அடுத்த மாசம் வரமாட்டான்; வந்தான்னா சீடனாச் சேத்துக்கிடும்.

"ஊதத்தானே போனீரு, சுடவா போனீரு"ன்னு நானும் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். நீரு கோவப்படல. சண்டைன்னு வந்தா பேண்டுக்காரன் வாத்தியத்தைப் பெட்டியில வச்சிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கணும்னு சொன்னீரு. அதுக்கும் ஒரு பாடம் உண்டாமே. ரெண்டு பேரும் ஒரே கால்ல நடந்தா ஸ்ட்ரெச்சர் ஊஞ்சலாட்டம் துள்ளும், அடிபட்டவன் துடிச்சுப்போவான். அதனால முன்னால போறவன் எடதுகால், பின்னால போறவன் வலதுகால். ஆயுசு பூரா ஒரே சீரா நடக்கப் பழகினவன், அன்னைக்கு மட்டும் சீரைக் கலைச்சு நடக்கணும். சொல்லிட்டு அந்த நாணல் சில்லை மறுபடி வாயில போட்டுக்கிட்டீரு. மேல கேக்க எனக்கும் வாய் வரல.

ஆக, வலதுகால்ல ஆரம்பிக்கவும் உமக்குத் தெரியும். எங்கிட்ட இத்தனை நாளா மறைச்சிருக்கீரு.

சரி, எந்திரியும், கருப்பட்டிக் காப்பி வருது, குடிச்சிட்டுப் போகலாம். பேரனை நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு அனுப்புதேன். உம்ம பட்டாளக் கணக்குல அது அஞ்சு அம்பத்தஞ்சுன்னு தெரியும். பய அஞ்சே முக்காலுக்கே கெளம்பிருதான். அந்தக் கூத்தை வேற யாருகிட்டச் சொல்ல!