தலைவருக்கு ஒரு சால்வை

மோட்டார் சைக்கிள் மன்றங்களின் கூட்டமைப்புத் தலைவரே, எந்தக் கூட்டமைப்பு என்று நான் எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் தம்மை விட்டுவிட்டேனே என்று மற்றத் தலைவர்கள் வருத்தப்படுவார்கள். புதுச்சேரி வில்லியனூர்த் தேரடியில் நின்றாலே உங்கள் பேனர் தெரிகிறது. அதில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் கண்ணாடி இருக்கிறது, உங்களை வாழ்த்தும் இருபது முகங்கள் இருக்கின்றன. மூலையில் ஒரு பைக்கும் இருக்கிறது. அந்தப் பெருந்தன்மைக்கே முதல் நன்றி.

ஒவ்வொரு மன்றமும் சுதந்திரமானது என்று விதிமுறையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தீர்கள். எழுதியதோடு நிற்கவில்லை, கடைப்பிடிக்கிறீர்கள். பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ராத்திரி ரைடில் விழுந்து காலை முறித்துக்கொண்டால், அவனுடைய மன்றத்தின் சுதந்திரத்தில் கூட்டமைப்பு தலையிடுவதே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் அவர்கள் சுதந்திரமாகவே கட்டிக்கொள்ளலாம். சந்தா வாங்கும் அன்றைக்குத்தான் நாம் எல்லோரும் ஒரே குடும்பம்.

தேர்தல் விஷயத்தில் நீங்கள் மண்ணின் மரபை மதிப்பவர். நம் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 1968-ல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் ஆயின. அதுவும் கோர்ட் சொல்லி, 2006-ல். அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின் மறுபடியும் ஆண்டுக்கணக்கில் மௌனம். அரசாங்கமே இவ்வளவு பொறுமையாக இருக்கும்போது, ஒரு பைக் சங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று குதிப்பது மரியாதையா? பத்துப் பேர் உள்ள மன்றத்துக்கும் நூறு பேர் உள்ள மன்றத்துக்கும் ஒரே ஓட்டா, ஆள்கணக்குப்படி ஓட்டா என்பது எல்லாக் கூட்டமைப்புகளையும் உடைக்கிற கேள்வி. நீங்கள் ஓட்டே இல்லாமல் அதைத் தீர்த்துவிட்டீர்கள்.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேருக்கு ஆளுநர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொடுகிறார். ஆனால் ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் எங்கே நிற்க வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். ஒரு மன்றம் முதலுதவி வகுப்பு நடத்தலாம் என்றது, முட்டுக்கட்டை. இன்னொன்று விபத்துக் காப்பீட்டை எல்லோருக்கும் சேர்த்து எடுக்கலாம் என்றது, முட்டுக்கட்டை. கூட்டமைப்பு நிலையாக இருக்கிறது என்று நீங்கள் மேடையில் சொல்லும்போது அதில் பொய்யே கிடையாது.

ஹெல்மெட் விவகாரத்தில் உங்கள் சாமர்த்தியத்தைத் தனியாகவே புகழ வேண்டும். 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் ஹெல்மெட் கட்டாயம் என்று வந்தபோது ஊர் எப்படி இருந்தது! துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தாமே ரோட்டில் இறங்கி வண்டிகளை மறித்தார். முதலமைச்சர் நாராயணசாமி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆளுநர் மாளிகை முன் தர்ணாவில் உட்கார்ந்தார். அவருடைய குறைப்பட்டியலில் இந்த ஹெல்மெட் அவசரமும் ஒன்று. ஹெல்மெட்டை உடைத்தும் போராட்டம் நடந்தது. மளிகைக்கடை வாசலில்கூட இரண்டு கட்சி. வண்டி ஓட்டுகிறவர்கள் சார்பில் ஒரு சங்கம் பேச வேண்டுமென்றால் அந்த வாரம்தான் பேச வேண்டும். உங்களைப் போன்ற தலைவர் அப்போது வாய் திறப்பாரா? வேண்டும் என்றால் உறுப்பினர் முறைப்பான். வேண்டாம் என்றால் அடுத்த ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி கிடைக்காது. ஆகவே மௌனம்; அதற்குப் பெயர் நடுநிலை.

சட்டம் என்னவோ உங்களைப் போல நிதானமாக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும் விலக்குத் தருகிறது. கோயிலில் உங்களுக்குக் கட்டிய பரிவட்டம் அதில் வராது என்பது பெரிய குறைதான். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் போகும். 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். எல்லா மன்றங்களுக்கும் சேர்த்து நல்ல ஹெல்மெட்டை மொத்த விலையில் வாங்கித் தரலாமே என்று ஒரு சின்னப் பையன் கேட்டானாம். கூட்டுறவு என்றால் அதுதானே என்றும் கேட்டானாம். நீங்கள் சிரித்தபடி டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தீர்கள். முதுகில் கூட்டமைப்பின் பெயர், நெஞ்சில் உங்கள் பெயர். விழும்போது எந்தப் பக்கம் விழுந்தாலும் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும்.

வெளியூர்க்காரர்கள் இந்தக் கலையைக் கற்கவே இல்லை. பிரிட்டனில் 1960-ல் மோட்டார் சைக்கிள் மன்றங்கள் கூடி ஒரு கூட்டமைப்பு தொடங்கின. பாவம், அவர்கள் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார்கள். 1973-ல் அங்கே ஹெல்மெட் கட்டாயமானபோது அதை எதிர்ப்பதற்கென்றே தனி அமைப்பு ஒன்று பிறந்தது. கருத்து இருந்தால் வெளியே சொல்வது, ஒத்துவராவிட்டால் தனியாக நிற்பது. இப்படியெல்லாம் செய்தால் தலைவருக்கு எப்படித் தூக்கம் வரும்?

நம் நாட்டுப் புல்லட்காரர்களும் அப்படித்தான். பல ஊர்ப் புல்லட் மன்றங்கள் சேர்ந்த பி.ஓ.பி.எம்.சி. என்ற கூட்டமைப்பு இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் புல்ஸ் அதில் உண்டு. ரைடர் மேனியா என்ற கூடலை ஆண்டுக்கு ஒரு மன்றம் முறைவைத்து ஏற்று நடத்துகிறது. இடம் பிடிப்பது, சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்த மன்றத்தின் தலையில். மற்றவர்கள் விருந்தாளிகள். வண்டி செய்யும் ராயல் என்ஃபீல்டு நிறுவனமே அதே ரைடர் மேனியா என்ற பெயரில் கோவாவில் பெரிய திருவிழா எடுத்தது. பிறகு 2023-ல் அதற்கு மோட்டோவெர்ஸ் என்று பெயர் மாற்றியது. கம்பெனி விழா ஒரு பக்கம் நடக்க, மன்றங்கள் தங்கள் கூடலைத் தாங்களே முறைவைத்து நடத்துவது என்ன பிடிவாதம்! அந்த முறையை நாம் எடுத்துக்கொண்டால், ஒரு வருஷம் பாகூர்ப் பையன்கள் நடத்துவார்கள். நீங்கள் தட்டை ஏந்திக்கொண்டு அவர்கள் பந்தியில் வரிசையில் நிற்க வேண்டும். நினைக்கவே மனசு பதறுகிறது.

கணக்கு வழக்கைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் பார்த்ததில்லை. நம் புதுச்சேரியில் கூட்டுறவு எப்படி முடியும் என்பதற்கு லிங்காரெட்டிபாளையம் சர்க்கரை ஆலை சாட்சி. கரும்பு போட்டவனுக்கு நிலுவை, வேலை பார்த்தவனுக்குச் சம்பள பாக்கி, கடைசியில் பூட்டு. அந்த ஆலைக்காவது பூட்டுப் போட ஒரு கதவு இருந்தது. உங்கள் கூட்டமைப்பின் அலுவலகம் உங்கள் சட்டைப் பைக்குள் இருப்பதால் வாடகை மிச்சம், மின்கட்டணம் மிச்சம், கேள்வியும் மிச்சம். பதிவான சங்கம் ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். அதையும் நீங்கள் எளிதாக்கிவிட்டீர்கள்: போன வருஷத்துப் பட்டியலில் தேதியை மாற்றினால் போதும்.

மன்றத்துத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பொதுக்குழுவில் சால்வை போட்டு முடிந்ததும் வரவு செலவு நோட்டைக் கேளுங்கள். தலைவர் கோபித்துக்கொண்டால் சண்டை வேண்டாம். 1860-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி புதிதாக ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும்.