பாப்பா, புத்தகத்தை மூடு

சென்னையில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது 1950-இல். அன்றிலிருந்து சிறுவர் இலக்கிய மாநாடு போடுவதில் நாம் சளைத்ததேயில்லை. அண்மையில் ஒன்றுக்குப் போயிருந்தேன். மேடை கொள்ளாத பிரமுகர்கள், ஆளுக்கொரு பொன்னாடை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதேயில்லை என்று ஒருவர் கவலைப்பட்டார். ‘சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்’ என்ற பிறகும் அரை மணி நேரம் கவலைப்பட்டார். அரங்கிலிருந்த ஒரே குழந்தை, வரவேற்புரை ஆற்றியவரின் பேத்தி. கடைசி வரிசைக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த பூதக் கதையில் மூழ்கியிருந்தாள். “பாப்பா, தாத்தாங்க பேசுறாங்கல்ல, புத்தகத்தை மூடி வை” என்று அதட்டினார் ஒருவர். அதற்குள் வெளியே பஜ்ஜியும் கையுமாக இன்னோர் அமர்வு: 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்கார், நியாயமாக யாருக்கு வந்திருக்க வேண்டும்? நிகழ்ச்சிநிரலில் இல்லாத அதற்குத்தான் நல்ல கூட்டம்.