எட்டுப் பேர், இரண்டு கார்

மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ரீசனிங்குக்கு 35 கேள்வி, 20 நிமிடம். தப்பாகப் போட்டால் அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு போச்சு. 'எட்டுப் பேர், மூன்று குழு, அவரோடு இவர் சேரமாட்டார்' வகைப் புதிர்தான் ஆளைத் தின்னும். ஓசூர் சிப்காட்டில் இருபது வருடம் ஸ்டோர் பார்த்தவன் நான். இது என்ன பெரிய விஷயம் என்று நோட்டைப் பிடுங்கினேன். நாற்பது நிமிடம் கழித்து நானே திருப்பிக் கொடுத்தேன்.

"முதல்ல இடத்தை எண்ணுங்கப்பா. இடம் மாறாத ஆளை உட்கார வைங்க. இரண்டே குழுன்னா, ஆகாத ஜோடி ஆளுக்கொன்னா போயே தீரும். யார் எதுலன்னு தெரியாட்டியும் ஒவ்வொன்னுலயும் ஒரு சீட் போச்சு. நிபந்தனை இல்லாதவங்க கடைசி."

புலி, ஆடு, புல்லுக்கட்டை ஓடத்தில் ஏற்றிய அதே கதைதான். அமெரிக்காவில் சட்டக் கல்லூரிக்கான எல்சாட் தேர்வில் இந்தப் புதிர்களுக்கென்றே தனிப் பகுதி இருந்ததாம். படம் போடாமல் தீர்ப்பது கஷ்டம், பார்வையற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று வழக்கு வந்து, 2019-ல் சமரசமாகி, 2024 ஆகஸ்டில் எடுத்தேவிட்டார்கள். என் வீட்டில் எடுக்க வழியில்லை.

அந்த வாரமே ராயக்கோட்டையில் கல்யாணம். கெலமங்கலத்திலிருந்து எட்டுப் பேர், இரண்டு கார், காருக்கு நாலு பேர். பேப்பர் எடுத்தேன். ஓட்டுகிறவர்கள் நானும் மச்சானும், இடம் மாறாது. சீட்டுப் பண விவகாரத்தில் சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் பேச்சில்லை. சித்தப்பா என் கார். அம்மாவும் மாமியாரும் ஆகாத ஜோடி. மாமியாருக்குக் கோபம் வந்தால் கன்னடம், அம்மாவுக்குத் தெலுங்கு. நடுவில் ஸ்டியரிங் பிடிக்க என்னால் முடியாது. அம்மாவை என் காரில் போட்டேன். மீதி ஒரே சீட். மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "எங்கம்மா உங்க கார்ல ஏறினா நானும் அதுலதான்."

ஆகவே மனைவி ஏறினால் மாமியாரும் ஏறுவார் என்று கணக்குப் போட்டு, மனைவியை மச்சான் காருக்கு அனுப்பிவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டேன்.

மகள் பேப்பரைப் பார்த்தாள். "அப்பா, பாட்டி ஏறினா அம்மா ஏறணும். அம்மா ஏறாட்டி பாட்டியும் ஏறமாட்டாங்க. அவ்வளவுதான். அம்மா ஏறினா பாட்டி ஏறணும்னு யார் சொன்னா? திருப்பிப் போட்டுட்டீங்க. அம்மாவைச் சும்மாவே இங்க உட்கார வெச்சிருக்கலாம்."

அங்கே தன் அண்ணிக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த மனைவி, மண்டபத்தில் என் இலைப் பக்கமே வரவில்லை.

திரும்பும்போது நான் வாயே திறக்கவில்லை. புது லைசென்ஸ், ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, தாம்பூலப் பை வாங்கிவர உள்ளே போனேன். வெளியே வந்தால் இரண்டு காரும் இல்லை. இதில் இல்லையென்றால் அதில் இருப்பார் என்று இரண்டு காரிலும் நினைத்திருக்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில், தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில் கையில் எட்டுத் தாம்பூலப் பைகளோடு நிற்கிறேன். போன் அடித்தது. மனைவி.

"நீங்க எந்த கார்ல இருக்கீங்க?"