புகை இலவசம், பார்க்கிங் 5 டாலர்

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனீர்களே, ஸ்மோக்கி மலையில் என்ன பார்த்தீர்கள்?

பதில்: பனி. உச்சியில் வேறு எதையும் பார்க்கப் பனி விடவில்லை.

டென்னஸிக்கும் நார்த் கரோலினாவுக்கும் எல்லையில், ஸ்மோக்கி மலையில் குவோஹி என்றொரு சிகரம். கிளிங்மன்ஸ் டோம் என்றிருந்த பெயரை 2024இல் பழைய செரோக்கிப் பெயருக்கே மாற்றிவிட்டார்கள். உயரம் 6,643 அடி. "நம்ம தொட்டபெட்டா இதைவிட 2,000 அடி ஒசரம், மாப்பிள்ளை" என்று நான் வாயை விட்டிருக்க வேண்டாம். காரிலிருந்து அரை மைல் செங்குத்தாக ஏற வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். உச்சிக் கோபுரத்தில் நாலாபக்கமும் வேட்டி காயப்போட்ட மாதிரி வெள்ளை. பாவம், அவர் அந்த வெள்ளையிலேயே விரலை நீட்டி, "அதோ அங்கே ஒரு மலை இருக்கு மாமா" என்றார். நம்பினேன். மாப்பிள்ளை சொல்லை வேறென்ன செய்வது?

இறங்கும்போது பனி விலகி, தூரத்து மலைகள் நீலமாய்த் தெரிந்தன. மரங்கள் விடும் ஆவிதான் அப்படி நீலப் புகையாக நிற்குமாம்.

ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் வண்டியைக் கால் மணிக்கு மேல் நிறுத்தினால் ஒரு நாளைக்கு 5 டாலர்! மனைவி அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு அரை மணி பேசவில்லை. அதற்குமட்டும் தாராளமாக 10 டாலர் தரலாம்.

கையோடு கொண்டுபோன புளியோதரை? கரடிக்குப் பயந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். பெருங்காய வாசனை இன்னும் போகவில்லை என்று மகள் நேற்றுகூட போனில் திட்டினாள்.