குத்துப்பையின் கைங்கரியம்

மனம் ஒரு குக்கர், விசில் விடாவிட்டால் வெடித்துவிடும், ஆகவே கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடு என்பது பலருடைய வேதம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் இதைச் சோதித்தார். 600 மாணவர்களைக் கட்டுரை எழுதவைத்து, படுமோசம் என்று ஒரு குறிப்போடு திருப்பிக் கொடுத்தார்கள். (எழுதுகிறவனைக் கொதிக்கவைக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.) சிலர் திட்டியவனை நினைத்தபடி குத்துப்பையை மொத்தினார்கள், சிலர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினார்கள், சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவனை நினைத்தவர்களுக்கே கோபம் அதிகம். பிறகு திட்டியவனின் காதில் இரைச்சலைப் பாய்ச்ச வாய்ப்புக் கொடுத்தபோது அவர்களே முன்னணி. சும்மா இருந்தவர்கள் கடைசி.

“குத்தினால் சுகமாக இருக்கிறதே?” இருக்கும். சொறிந்தாலும் சுகம்தான், சிரங்கு ஆறுவதில்லை. “அப்படியானால் அநியாயத்தைக் கண்டும் வாயை மூடிக்கொள்வதா?” தாராளமாகக் கேளுங்கள், மனு கொடுங்கள், வழக்குப் போடுங்கள், அதற்கெல்லாம் எதிரே ஆள் இருக்கிறார், முடிவும் உண்டு. ஆனால், கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை விட்டுவிட்ட பங்காளியை இருபது வருடமாக விடிந்ததும் வைதுகொண்டிருக்கும் பெரியவர் எந்த நீதிக்காகப் போராடுகிறார்? அந்தக் கல்யாணத்துப் பிள்ளைக்கே இப்போது தலை நரைக்கிறது. பங்காளிக்கோ இப்படியொரு வழக்கு நடப்பதே தெரியாது.