பொறுங்கண்ணா

விலைவாசி ஏறிவிட்டதென்று அங்கலாய்க்கிறவர்களை எந்த ஊரிலும் காணலாம். விலை இறங்கப் போகிறதென்ற ஆனந்தத்திலேயே வருஷம் முழுவதும் திளைத்திருக்கும் ஒரு பிரகிருதியைத் தரிசிக்க வேண்டுமானால், கோலார் தங்கவயலுக்கு வந்து, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்துகொண்டு காலையில் கிளம்பும் ரயிலில் ஏதாவதொரு பெட்டியில் ஏறிக்கொள்வதே உத்தமம். ஊர்காம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அவர் தம்மைத் தாமே வெளிப்படுத்திக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர் புதிதாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கப் போவதாகப் பேச்சுவாக்கில் பிரஸ்தாபித்துவிட்டால் போதும், அரைத்தூக்கத்தில் சாய்ந்திருந்த நமது மகாசயர் சட்டென்று நிமிர்ந்து, கையைக் குறுக்கே நீட்டி, "பொறுங்கண்ணா!" என்பார். பெற்றோர் இட்ட பெயர் ரேஷன் கார்டில் மட்டும் ஜீவித்திருக்க, ஊர் ஜனங்கள் அவருக்குச் சூட்டியிருக்கும் நாமதேயமும் அதுவேயாகிவிட்டது.

"இன்னாத்துக்கு அவசரம்? அடுத்த மாசம் புது மாடல் வருது. வரும்போதே அஞ்சாயிரம் கொறைச்சுத்தான் வுடப் போறான். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல நம்ம பையன் ஒருத்தன் சொன்னான். அவனுக்கு டீலரே சொன்னாராம்."

அந்தப் பையனை இதுவரை எவரும் கண்ணால் கண்டதில்லை. டீலரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு ஞானம் படைத்தவர் கையில் வைத்திருக்கும் போன் எத்தகையது என்பதை வாசகர்கள் ஊகித்திருக்கலாம். கண்ணாடி மூன்று திக்குகளிலும் கீறல் விட்டு, உப்பிய பாட்டரியினால் பின்மூடி எழும்பி, காய்கறிக்கடை ரப்பர் பாண்டு ஒன்றின் தயவினால் தேகமும் ஆத்மாவும் பிரியாமல் நிற்கிற அந்தச் சாதனத்தின் வழியாகத்தான், இன்னும் உலகத்துக்கு வராத ஒரு போனின் மாசுமருவற்ற திருமேனியை அவர் நமக்குக் காட்டுகிறார். காமிரா எத்தனை, சார்ஜ் ஏற எத்தனை நிமிஷம் என்றெல்லாம் ஸ்தல புராணம் சொல்வது போலச் சொல்லி, "எல்லாம் சேர்த்து இவ்ளோதான் விலை" என்று ஒரு தொகையைக் காதோடு காதாகக் கூறுகிறார்.

அவருடைய பஞ்சாங்கத்தில் போன் வாங்குவதற்குரிய சுபதினம் ஒன்றாவது கிடையாது. தை மாதத்தில் குடியரசு தின விற்பனை வருகிறது, அது முடிந்தால் பட்ஜெட், பிறகு ஆடித் தள்ளுபடி, பிறகு ஆயுத பூஜை, பிறகு தீபாவளி. இத்தனைக்கும் அவர் வாக்குப் பலிப்பதே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்ததும் 79,600 ரூபாயிலிருந்த ஐபோன் 15, அவர் முன்கூட்டியே அருளியபடி, கிட்டத்தட்டப் பத்தாயிரம் இறங்கி 69,900-க்கு வந்தது. வாங்கினாரா? "பத்து எறங்கினது தீபாவளிக்கு இன்னும் அஞ்சு எறங்காதா?" என்று கேட்டார். அதே வருஷம் ஜூலை பட்ஜெட்டில் செல்போன் இறக்குமதித் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து 15-ஆகக் குறைத்தபோது, அவர் ரயிலில் மிட்டாய் வழங்காத குறைதான். அதன் பலனாக ஐபோன் 15-க்கு இறங்கியது 300 ரூபாய். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. குறைப்பு வருகிறதென்றதும் மறுபடியும் கை குறுக்கே நீண்டது, பெரிய டி.வி.யும் ஏ.சி.யும் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கின, ஏற்கெனவே 18-இல் இருந்த செல்போனோ இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆயினும் 2021-ஐத்தான் அவருடைய பொற்காலமாகக் கருதவேண்டும். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஜியோபோன் நெக்ஸ்ட் என்று ஒன்றை அறிவித்து, விநாயக சதுர்த்திக்குக் கடைக்கு வருமென்றார்கள். விலையை மட்டும் சொல்லவில்லை. சொல்லாத விலையைப் போன்ற சுகம் அவருக்கு வேறெதில் உண்டு? 3,499 என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. அதற்கும் கீழே போகுமென்று இவர் பந்தயம் கட்டினார். சதுர்த்திக்கு வரவேண்டியது, சிப் தட்டுப்பாட்டினால் தள்ளிப்போய், தீபாவளியன்று 6,499 ரூபாய்க்கு வந்து சேர்ந்தபோது, இடையிலிருந்த 3,000 ரூபாயைக் குறித்து அவர் துளியும் விசனப்படாமல், "இது ஆரம்ப வெலதாம்பா" என்று சொல்லிவிட்டார்.

சமீபகாலமாக அவர் கையாளும் பிரம்மாஸ்திரம் நரசாபுரா. எங்கள் கோலார் ஜில்லாவிலுள்ள அந்தத் தொழிற்பேட்டையில்தான், முன்பு தைவான் நாட்டு விஸ்ட்ரான் கம்பெனியார் ஐபோன்களைப் பூட்டி அனுப்பினார்கள், 2023-இல் அவர்களுடைய ஆலையை வாங்கிய டாட்டாக்காரர்கள் இப்போது அனுப்புகிறார்கள். "நம்ம ஜில்லாவுல செய்யற சாமானுக்கு நமக்கே அமெரிக்கா வெலையா? ஜில்லாக்காரங்களுக்குத் தனி வெல வரப்போவுது, பாத்துக்கினே இருங்க" என்கிறார். இந்த ஊரில் பிறந்த ஒருவர் வாயிலிருந்து இத்தகைய வாதம் புறப்படுவதைக் கேட்டு என்னால் சிரிக்காமல் இருக்க முடிவதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடித்து எப்போது தலைமேல் விழுமோ என்றறியாமல் எங்கள் பாட்டன்மார் வெட்டியெடுத்த தங்கத்தை, 'உங்கள் ஊர்த் தங்கமாயிற்றே' என்று சவரனுக்கு ஒரு ரூபாய் தள்ளிக் கொடுத்தவன் எவனாவது உண்டா? தங்கம் கப்பலேறிற்று, எங்களுக்கு மிஞ்சியது சயனைடு கழிவுமண் மேடும், காற்றடித்தால் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வந்து படியும் அதன் தூளும். தங்கத்துக்கில்லாத ஜில்லாச் சலுகை போனுக்கு எங்கிருந்து வரும்?

ஆனாலும் அவரை முற்றிலும் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட நாள்முதல், சுரங்கம் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி எலெக்ஷனுக்கு எலெக்ஷன் தவறாமல் வந்துகொண்டிருக்கிற ஊர் இது. குளோபல் டெண்டர் என்றார்கள். மேட்டு மண்ணையே மறுபடி சலிப்போம் என்றார்கள். அவருடைய தகப்பனார் அந்தச் செய்தியை நம்பி, வேறு வேலைக்குப் போகாமல் திண்ணையிலேயே காத்திருந்தவர். பிள்ளை காத்திருப்பதோ ஒரு போனுக்குத்தான். அதையும் ரயிலேறி வேலைக்குப் போய்க்கொண்டே காத்திருக்கிறார். தலைமுறைக்குத் தலைமுறை இது அபிவிருத்தி அல்லவா?

அவருடைய சகதர்மிணி அவ்வளவு பொறுமைசாலியல்ல. சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்றே ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்கு நடந்துபோய், கேட்ட விலையைக் கொடுத்து ஒரு போனை வாங்கிவந்துவிட்டாள். "ரெண்டு வாரம் பொறுத்திருந்தா ஆயிரம் ரூபா மிச்சமாயிருக்குமே!" என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க சொன்ன ரெண்டு வாரத்துல பேத்தி பொறந்து பள்ளிக்கூடம் போவுது" என்றாள் அந்த அம்மாள். இப்போது விலைக்குறைப்புச் செய்திகளையெல்லாம் ஊருக்கு அவர் வாட்ஸப்பில் அனுப்புவது அந்தப் போனிலிருந்துதான்.

2025-இன் கடைசியில் மெமரி சிப் விலை கிடுகிடுவென ஏறி, இனி வரும் போன்கள் விலை கூடத்தான் செய்யும் என்று கம்பெனிக்காரர்களே சொல்லத் தொடங்கியபோது, இவர் சித்தாந்தம் இத்தோடு அஸ்தமித்ததென்று நாங்கள் நினைத்தோம். "ஏறினது எறங்கித்தானேப்பா ஆவணும்? இப்ப வாங்கறவன்தான் ஏமாளி" என்றார்.

ஆகையால், அவசரத் தேவையுள்ளவர்களுக்கு என்னுடைய விக்ஞாபனம் இதுதான்: போனை வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வாங்கிய விலையை மட்டும் ஒரு மாதத்துக்கு அவர் காதில் போடாதீர்கள்.